தஞ்சோராவா, ரீகாயிலா, நைட்ரோவா: ஒரு நாள் லீவுக்கு எது தேறும்?

மச்சானுக்கு முதல் சம்பளம் வந்துடுச்சு. "மாமா, எல்லாரையும் ரோலர் கோஸ்டர் கூட்டிட்டுப் போறேன், எங்கன்னு மட்டும் நீங்க முடிவு பண்ணிச் சொல்லுங்க"ன்னு குடும்ப வாட்ஸப் குரூப்புல போட்டுட்டு ஆள் எஸ்கேப். அவ்ளோதான், ரெண்டு நாளா குரூப் ஓயல. என் பொண்டாட்டி பெங்களூர்ங்கறா, சித்தி பொண்ணு இமாஜிக்காங்கறா, அக்கா பையன் (ஏழாவது படிக்கறான், யூடியூப்ல கோஸ்டர் வீடியோவாப் பாத்துப் பாத்து பாதி இஞ்சினியர் ஆயிட்டான்) தஞ்சோரா தவிர எதுக்கும் வரமாட்டேங்கறான், அம்மா மட்டும் "தீவுத்திடல் பொருட்காட்சில ராட்டினம் சுத்தினா பத்தாதாடா, அதுக்கு ஏன் ஆயிரக்கணக்குல அழுவணும்"னு வாய்ஸ் நோட் அனுப்பறாங்க.

ரீகாயில் பெங்களூர் வொண்டர்லா பார்க்குல இருக்கற கோஸ்டர், நைட்ரோ மகாராஷ்டிரால இமாஜிக்கா பார்க்குல, தஞ்சோரா நம்ம சென்னை வொண்டர்லால. மூணுலயும் நான் ஏறியிருக்கேன். காலேஜ் டைம்ல பசங்களோட பெங்களூர், புனேல ப்ராஜெக்ட்ல இருந்தப்போ இமாஜிக்கா, இப்போ ஆபீஸ் டீமோட சென்னை வொண்டர்லா. அதனால கொஞ்சம் உரிமையாவே பேசறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நிறைய பேர் பார்க்குல மொத்தம் எத்தனை ரைடு இருக்குன்னு எண்ணிப் பாத்து முடிவு பண்றாங்க. 40 ரைடு, 50 ரைடுன்னு போட்டிருப்பாங்க, ஆனா அதுல பாதி குழந்தைங்க காரு, குதிரை, தண்ணி சறுக்கல், மீதில பாதி நமக்குத் தலை சுத்தும்னு நாமளே ஏறமாட்டோம். ரோலர் கோஸ்டருக்குன்னே போற ஆளுக்கு ஒரு பார்க்குல ஒரே ஒரு நல்ல கோஸ்டர் இருந்தாப் போதும், அதுல ஒரு நாள்ல எத்தனை தடவை ஏற முடியுதுங்கறதுதான் கணக்கு. மூணு தடவை ஏறினா அது நல்ல நாள். ஒண்ணரை மணி நேரம் வெயில்ல நின்னு ஒரே ஒரு தடவை ஏறிட்டு வந்தா அது க்யூ பாக்கப் போன நாள்.

சரி, ரீகாயில்ல ஆரம்பிப்போம், ஏன்னா நம்மாளுங்க பாதிப் பேருக்கு முதல் கோஸ்டர் அதுதான். பெங்களூர் வொண்டர்லா 2005ல திறந்தது, பெங்களூர் தாண்டி மைசூர் ரோட்டுல பிடதி பக்கம். ரீகாயில் பூமராங் வகை, வெக்கோமான்னு நெதர்லாந்து கம்பெனியோட டிசைன். இந்த மாடல் 1984லேர்ந்து உலகம் பூரா ஊர் ஊருக்கு இருக்கு, கோஸ்டர் பைத்தியங்க இதைக் கொஞ்சம் இளக்காரமாத்தான் பேசுவாங்க, தெருவுக்குத் தெரு இருக்கற டீக்கடை மாதிரின்னு. ஆனா முதல் தடவை ஏறறவனுக்கு அதெல்லாம் என்ன தெரியும், ஸ்டேஷன்லேர்ந்து வண்டியை ஒரு கேபிள் பின்னாடி இழுத்துக்கிட்டே மேல போகும், நீங்க முகத்தைத் தரையைப் பாத்து வெச்சுக்கிட்டு பின்பக்கமா ஏறிக்கிட்டே இருப்பீங்க, ஏறி முடிச்சதும் ஒரு செகண்டு அப்படியே தொங்க விட்டு "டக்"னு கழட்டி விடுவான், அந்த ஒரு செகண்டுல ஈரக்குலையே நடுங்கும். அப்புறம் ஸ்டேஷன் வழியா பாய்ஞ்சு, நாகப்பாம்பு படம் எடுத்த மாதிரி ஒரு வளைவு, அதுலயே ரெண்டு தடவை தலைகீழ், அடுத்து ஒரு லூப், அந்தப் பக்கம் இன்னொரு மேட்டுல ஏறி நிக்கும். முடிஞ்சுதுன்னு நெனச்சா, திரும்ப விடுவான், இப்போ அதே பாதைல ரிவர்ஸ்ல. ஆக மூணு தலைகீழ், போக வர ஆறு தடவை. இந்த மாடலோட வழக்கமான உயரம் 35 மீட்டர் சொச்சம், வேகம் மணிக்கு 75 கிலோமீட்டர் வாக்குல.

இதுல ஒரு பிரச்சனை டிசைன்லயே இருக்கு. போன பாதைலயே திரும்பி வரணும்ல, அதனால தண்டவாளத்துல ஒரே ஒரு வண்டிதான் ஓட முடியும். அது போய்ட்டு வந்து, ஆளுங்க இறங்கி, அடுத்தவங்க ஏறி, பெல்ட் செக் பண்ணி, அப்புறம்தான் அடுத்த ரவுண்டு. இந்த மாடல்ல ஒரு வண்டிக்கு வழக்கமா 28 பேர். க்யூல முன்னாடி 200 பேர் நின்னா நீங்களே வகுத்துப் பாத்துக்கோங்க. சனிக்கிழமை போனா அழுகை வரும். அதோட ரிவர்ஸ்ல வரப்போ தோள்ல மாட்டின கம்பில காது ரெண்டும் இடிபடும், தலையைப் பின்னாடி சீட்டோட அழுத்தி வெச்சுக்கிட்டாக் கொஞ்சம் தப்பிக்கலாம். கம்மல் போட்டவங்க கழட்டிடுங்க, என் பொண்டாட்டி அனுபவத்துல சொல்றது.

சென்னைலேர்ந்து பெங்களூரே 350 கிலோமீட்டர், அதுக்கப்புறம் பெங்களூர் டிராஃபிக்கைத் தாண்டி அந்தப் பக்கம் போகணும், இதை ஒரே நாள்ல முடிக்கணும்னா நைட் பஸ்ல ஏறி, தூங்காத கண்ணோட பார்க்குக்குள்ள போய், சாயங்காலம் திரும்ப பஸ். காலேஜ் வயசுல பண்ணலாம், பண்ணோம். இப்போ அம்மாவைக் கூட்டிட்டு முடியாது. ஆனா பார்க்குலயே ரிசார்ட் இருக்கு, ரெண்டு நாளா நீட்டினா நல்ல ட்ரிப்தான், காலைல பிடதி தட்டு இட்லி வேற. தட்டு இட்லி சாப்ட்டுட்டு உடனே ரீகாயில் ஏறக்கூடாது, அவ்ளோதான்.

அடுத்து நைட்ரோ. இதைப் பத்தி நான் கொஞ்சம் ஓவராப் பேசுவேன், பொறுத்துக்கோங்க.

இமாஜிக்கா மகாராஷ்டிரால கோப்போலி பக்கம், மும்பை புனே எக்ஸ்பிரஸ்வேல ரெண்டு ஊருக்கும் நடுவுல. 2013ல திறந்தது. நைட்ரோ வந்து ஃப்ளோர்லெஸ் கோஸ்டர், பொல்லிகர் அண்ட் மபியார்னு சுவிட்சர்லாந்து கம்பெனி, சுருக்கமா பி அண்ட் எம்னு சொல்வாங்க, கோஸ்டர் உலகத்துல இவங்களுக்கு இருக்கற மரியாதை நம்ம ஊர்ல பழைய புல்லட்டுக்கு இருக்கற மாதிரி. சுமார் 40 மீட்டர் உயரம், மணிக்கு 105 கிலோமீட்டர் வரைக்கும் போகும், அஞ்சு தடவை தலைகீழ். ஃப்ளோர்லெஸ்னா தண்டவாளம் உங்களுக்குக் கீழதான் இருக்கும், ஆனா கால் வைக்கத் தரை இருக்காது. ஸ்டேஷன்ல உக்காந்து கம்பி எல்லாம் போட்டப்புறம் கீழ இருந்த தரை அப்படியே விலகிடும், கால் அந்தரத்துல. முன் வரிசைல உக்காந்தா உங்களுக்கு முன்னாடி ஒண்ணுமே இருக்காது, தண்டவாளத்து மேல ஒரு நாற்காலியைப் போட்டுத் தள்ளி விட்ட மாதிரி.

ஏறும்போது "டக் டக் டக் டக்"னு ஒரு சத்தம் கேக்கும்ல, அது சும்மா பயமுறுத்த இல்ல, செயின் அறுந்தாக்கூட வண்டி பின்னாடி உருளாம இருக்க ஒரு கொக்கி பல்லு பல்லாத் தாண்டிப் போற சத்தம். இதை அக்கா பையன்தான் எனக்குச் சொன்னான், அப்புறம் அந்தச் சத்தம் கேட்டா பயம் போய் ஒரு நிம்மதி வருது. மேல போனதும் சுத்தி சஹ்யாத்ரி மலை, ரொம்ப அழகா இருக்கும், ரசிக்கறதுக்கு ரெண்டு செகண்டு குடுப்பான். அப்புறம் இறக்கம்.

நைட்ரோவோட பெரிய விஷயம் அந்த ஓட்டம்தான். ரீகாயில் மாதிரி உலுக்கி எடுக்காது, வழுவழுன்னு போகும், ஆனா உடம்பை அழுத்தறது தெரியும், லூப்போட அடில வரப்போ கன்னமெல்லாம் கீழ இழுக்கும். லூப்புன்னா வட்டம்னு நெனைப்போம், நல்லாப் பாத்தீங்கன்னா அது வட்டமா இருக்காது, கண்ணீர்த் துளி மாதிரி மேல குறுகலா இருக்கும். முழு வட்டமாப் போட்டா வண்டி லூப்புக்குள்ள நுழையற இடத்துல உடம்பு மேல விழற பாரம் தாங்காது, ஆரம்ப காலத்துல அப்படிப் போட்டு கழுத்து பிடிச்சுக்கிட்ட கதையெல்லாம் இருக்கு. 1976ல அமெரிக்கால மேஜிக் மவுண்டன்ங்கற பார்க்குல ரெவல்யூஷன்னு ஒரு கோஸ்டர் வந்தப்போதான் இந்தத் துளி வடிவ லூப் ஒழுங்கா வந்துச்சு, அதுக்கப்புறம் எல்லாரும் அதே வழி.

அங்கயே டீப் ஸ்பேஸ்னு இன்னொண்ணு இருக்கு, முழுக்க உள்ளரங்கம், கும்மிருட்டு, மேட்டுல ஏறாம நேரா தள்ளி விடற வகை. எந்தப் பக்கம் திரும்பப் போகுதுன்னு தெரியாததால சின்ன வளைவுக்கே கத்துவீங்க. ஆக ஒரே பார்க்குல ரெண்டு பெரிய கோஸ்டர், வெறும் கோஸ்டர்னு மட்டும் பாத்தா மூணு ஊர்ல இதுக்குத்தான் என் ஓட்டு. சித்தி பொண்ணு சொல்றது தப்பில்ல.

ஆனா சென்னைலேர்ந்து? ஃப்ளைட்ல புனே போய், டாக்ஸி பிடிச்சு, நைட் தங்கி, அடுத்த நாள் பார்க், அதுக்கடுத்த நாள் திரும்பணும், ஆறு பேருக்குக் கணக்குப் போட்டா மச்சானோட முதல் சம்பளம் மட்டும் இல்ல, மூணாவது சம்பளமும் காலி. ரயில்ல போனா போக ஒரு நாள் வர ஒரு நாள். அப்புறம் ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் அந்தப் பக்கம் கொட்டற மழை நம்ம ஐப்பசி மழையெல்லாம் ஒண்ணுமே இல்லங்கற அளவுக்கு இருக்கும். பலத்த மழை, இடின்னா எந்த ஊர்லயும் கோஸ்டரை நிறுத்தித்தான் ஆகணும், டிக்கெட்டைக் கைல வெச்சுக்கிட்டு வடா பாவ் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கணும். நான் ஒரு தடவை அப்படி உக்காந்தேன். வடா பாவ் நல்லாத்தான் இருந்துச்சு.

இப்போ நம்ம ஊரு. சென்னை வொண்டர்லா, திருப்போரூர் பக்கம் இள்ளலூர்ல, 2025 டிசம்பர் ஆரம்பத்துல திறந்தாங்க. கிட்டத்தட்ட 64 ஏக்கர், 600 கோடிக்கு மேல செலவு, 40க்கு மேல ரைடு, திறந்தப்போ டிக்கெட் 1,489 ரூபாய்னு அறிவிச்சாங்க. இந்தப் பார்க் வருது வருதுன்னு நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன், கேளிக்கை வரி விஷயத்துல வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டே போச்சு. அதுவரைக்கும் நமக்குன்னு இருந்தது ஈசிஆர்ல விஜிபி, முட்டுக்காடு எம்ஜிஎம், பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட், இதுங்கதான். அதெல்லாம் வேணாம்னு சொல்லல, சிலை மாதிரி அசையாம நிக்கற விஜிபி சிலை மனுஷனைச் சிரிக்க வெக்கப் பாத்துத் தோத்துப் போகாத சென்னைப் பையன் யாரு? ஆனா கோஸ்டர்னு சொல்லிக்கிட்டு அங்க போறது பசிக்குப் பாப்கார்ன் சாப்பிடற கதை.

தஞ்சோரா விஷயம் வேற. இதுவும் அதே பி அண்ட் எம் தான், ஆனா இன்வெர்டட் வகை, அதாவது தண்டவாளம் தலைக்கு மேல, நீங்க அதுல தொங்கிக்கிட்டுப் போவீங்க. இந்த வகையை முதல்ல கொண்டு வந்ததே அந்தக் கம்பெனிதான், 1992ல அமெரிக்கால சிகாகோ பக்கம் ஒரு பார்க்குல பேட்மேன் பேர்ல. இந்தியால அவங்க இன்வெர்டட் இதான் முதல். பேரைக் கேட்டா தஞ்சாவூர் ஞாபகம் வருதுல்ல, அதனாலயே அம்மாவுக்குக் கொஞ்சம் இளகிடுச்சு, "கோயில் மாதிரி எதாச்சும் இருக்குமா"ன்னு கேட்டாங்க. இல்லம்மா.

நைட்ரோவுக்கும் இதுக்கும் கம்பெனி ஒண்ணா இருந்தாலும் அனுபவம் ஒண்ணு இல்ல. நைட்ரோல தண்டவாளம் கண்ணு முன்னாடி தெரியும், அடுத்து எங்க திரும்பும்னு ஓரளவு மனசு தயாராயிடும். தொங்கற கோஸ்டர்ல முன்னாடி வெறும் வானம், தரை, தூணு இதான் வரும். கால் எங்கயோ இடிச்சுடும்னு தோணிக்கிட்டே இருக்கும், நான் ரெண்டு தடவை காலை மடக்கிட்டேன், இடிக்காது, அதெல்லாம் அளந்துதான் கட்டியிருப்பாங்க, ஆனா மூளை கேக்காதே. இந்த வகைல முன் வரிசை கிடைக்கலன்னா பாதி சுகம் போச்சு, ஏன்னா நடு வரிசைல முன் சீட்டோட முதுகுதான் தெரியும். நைட்ரோல அப்படி இல்ல, அங்க நான் கடைசி வரிசைக்காரன், வண்டியோட முன்பாதி இறங்க ஆரம்பிச்சதும் அது பின்பாதியை மேட்டு மேலேர்ந்து வெடுக்குன்னு இழுக்கும், சீட்டை விட்டு எழும்பற மாதிரி இருக்கும். ஒரு வரிசைக்கு நாலு பேர், அதனால தஞ்சோரால முன் வரிசைக்குத் தனியாக் காத்திருக்க விட்டா ஒரு ரவுண்டு மட்டும் அதுக்காக நில்லுங்க, மீதி ரவுண்டு எங்க வேணா உக்காருங்க.

இன்னொரு சின்ன விஷயம், பாதிப் பேருக்குத் தெரியாது. காலைல முதல் ரவுண்டை விட சாயங்காலம் வண்டி கொஞ்சம் வேகமா ஓடும். சக்கரம், பேரிங் எல்லாம் ஓடி ஓடி சூடாயிருக்கும்ல, அதான். ஆனா க்யூ கம்மியா இருக்கறது காலைலதான். அதனால கேட் திறந்ததும் ஃபோட்டோ எடுத்துக்கிட்டு நிக்காம, வாசல்ல இருக்கற சின்ன ரைடைப் பாத்து மயங்காம, நேரா தஞ்சோராவுக்கு ஓடணும், மதியம் கூட்டம் ஏறினப்போ தண்ணில விழுந்துடணும், மூடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி தலையைத் துவட்டிக்கிட்டுத் திரும்ப வந்து ரெண்டு ரவுண்டு. ஈர டிரஸ்ஸோட கோஸ்டர்ல ஏறினா வர்ற குளிர் இருக்கே, வேணாம்.

க்யூவைத் தாண்டற ஸ்பெஷல் டிக்கெட் எடுக்கலாமான்னு மச்சான் கேட்டான். வீக்எண்டுன்னா எடுக்கலாம், செவ்வாய் புதன்னா அந்தக் காசுக்கு எல்லாருக்கும் சாப்பாடே வாங்கிடலாம். ஒரு தடவை ஒரு பார்க்குல (எதுன்னு சொல்லல) அந்த டிக்கெட்டை வாங்கிட்டு உள்ள போனா, அதே டிக்கெட்டோட எனக்கு முன்னாடி 60 பேர். அன்னிக்கு முடிவு பண்ணினேன், காசு குடுத்து க்யூவைத் தாண்டறதை விட ஆளில்லாத நாளைப் பாத்துப் போறது புத்திசாலித்தனம்னு.

பாஸ்போர்ட் இருக்கறவங்க சிங்கப்பூரை ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. யுனிவர்சல் ஸ்டூடியோஸ்ல பேட்டில்ஸ்டார் கேலக்டிகான்னு ரெண்டு கோஸ்டர் ஒண்ணையொண்ணு துரத்திக்கிட்டு ஓடும், சிவப்பு உக்காந்து போறது, நீலம் தொங்கிக்கிட்டுப் போறது. மேல நான் நைட்ரோ தஞ்சோரான்னு அடிச்சுக்கிட்ட சண்டைக்கு அங்க பக்கத்துப் பக்கத்துலயே ஏறிப் பாத்து முடிவு பண்ணிக்கலாம். எப்படியும் சொந்தக்காரங்க வீட்டுக்கு சிங்கப்பூர் போறீங்கன்னா விடாதீங்க. கோஸ்டருக்காக மட்டும் டிக்கெட் போட்டீங்கன்னா நீங்க என்னை விடப் பெரிய பைத்தியம், வாழ்த்துகள்.

ஆக இப்போ எங்க வீட்டுக் கணக்கு. அம்மாவுக்கு 63 வயசு, பிபி மாத்திரை. இந்த மாதிரி ரைடுல பிபி, இதயப் பிரச்சனை, கர்ப்பம், முதுகுவலி இருக்கறவங்க ஏறக்கூடாதுன்னு வாசல்லயே எழுதிப் போட்டிருப்பாங்க, அது சும்மா அலங்காரத்துக்கு இல்ல. அக்கா பையனுக்கு உயரம் பத்துமாங்கறது இன்னொரு டென்ஷன், வாசல்ல அளவு பாத்துத்தான் விடுவாங்க, அவன் தினமும் காலைல சுவத்துல பென்சில் கோடு போட்டுப் பாக்கறான். இவனை ஃப்ளைட் ஏத்தி கோப்போலி வரைக்கும் கூட்டிட்டுப் போய் அங்க ஒரு இன்ச் பத்தாம திருப்பி அனுப்பினாங்கன்னா அந்த அழுகையை யாரு சமாளிக்கறது? திருப்போரூர்னா அடுத்த வருஷம் வரலாம்டா கண்ணான்னு தாஜா பண்ணி முடிச்சுடலாம்.

அதான் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு. கோஸ்டரை மட்டும் பாத்தா நைட்ரோ, ஆனா அது நானும் சித்தி பொண்ணும் குளிர்காலத்துல ஒரு தடவை புனே நண்பன் வீட்டுல தங்கிப் போய்ட்டு வர்ற ட்ரிப். ரீகாயிலுக்குன்னு இனி சென்னைக்காரன் பெங்களூர் வரைக்கும் போக வேணாம், வேற வேலையா பெங்களூர் போனா சேத்துக்கலாம், பொண்டாட்டிகிட்ட இதைச் சொன்னதுக்கு ஒரு நாள் பேசல. தஞ்சோரா காலைல கிளம்பி ராத்திரி வீட்டுத் தயிர்சாதம் சாப்பிடற தூரம்.

ஸ்கூல் லீவு விடறதுக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை. அக்கா பையனுக்கு அன்னிக்குக் காய்ச்சல் வரும்னு ஏற்கெனவே தெரியும். ஓஎம்ஆர் டிராஃபிக்குக்கு முன்னாடி ஆறரைக்கெல்லாம் கிளம்பி, கேளம்பாக்கத்துல டிபன், ரெண்டு இட்லிக்கு மேல யாருக்கும் கிடையாது. துப்பட்டா வேணாம், வார் வெச்ச செருப்பு இல்லன்னா ஷூ, மாத்து டிரஸ் ஒண்ணு, பருத்தி வேணாம் நைலான் மாதிரி சீக்கிரம் காயறது. கண்ணாடி, ஃபோன், சாவி எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துட்டுத்தான் ஏறணும்.

யார்கிட்ட குடுக்கறதுன்னு குரூப்புல கேட்டேன். அம்மாகிட்டேர்ந்து பதினஞ்சு செகண்டு வாய்ஸ் நோட் வந்துச்சு. "பெரிய கட்டைப் பையா ஒண்ணு எடுத்துக்கறேன். ஆனா அந்த ராட்டினம் மாதிரி மெதுவா சுத்தறது ஏதாச்சும் இருந்தா, அதுக்கு நீங்கதான் என் செருப்பைப் பாத்துக்கணும்."